கருப்பண்ணன் கிடாய்

எங்கள் வீட்டு நாய்க்குக் கிளீனர் என்று பெயர். என் வீட்டுக்காரர் நந்தகுமார் நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை பார்க்கிறார். நாலு வருஷத்துக்கு முன்னால் பழைய பாடியை மாற்றுவதற்காக வந்து நின்ற ஒரு வண்டியில், கிளீனர் உட்காரும் சீட்டில், ஒரு குட்டி சுருண்டு படுத்திருந்ததாம். யாருடையது என்று டிரைவருக்கும் தெரியவில்லை. இவர் துண்டில் சுற்றி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் வண்டியை எடுத்தாலும் முதலில் ஏறி நிற்பது அதுதான்.

மாசி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஏரிப் பக்கம் போய்விட்டு வந்த கிளீனர் எங்கள் வாசலில் கால் பின்னி விழுந்தது. உடம்பு முழுக்க நடுக்கம். வாயில் நுரை. நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் கரும்பச்சையாக எதையோ கக்கியது. கால்மணி நேரம்கூட ஆகவில்லை, மூச்சு நின்றுவிட்டது. அதே வாரத்தில் ஊரில் இன்னும் இரண்டு நாய்கள் அதே மாதிரி நடுங்கிச் செத்தன.

எனக்குக் கோபம் வந்தால் முன்பின் பார்க்கத் தெரியாது. அன்றைக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. யார் செய்திருப்பார்கள் என்று யோசிக்கவே தேவைப்படவில்லை, கருப்பண்ணன் மாமாவின் பெயர் நாக்கு நுனியில் தயாராக நின்றது.

கருப்பண்ணன் மாமாவுக்கு ஏரிக்கரையை ஒட்டி முட்டைக்கோழிப் பண்ணை. ஐயாயிரம் கோழி. லட்சக்கணக்கில் கோழி வளர்க்கும் நாமக்கல் பக்கம் ஐயாயிரம் கோழி வைத்திருப்பவரைப் பண்ணைக்காரர் என்று சொன்னால் சிரிப்பார்கள். அவரும் அத்தாயி அத்தையும்தான் தீவனம் போடுவது, முட்டை பொறுக்குவது, எரு வாருவது எல்லாம். ஊர் நாய்கள் கூண்டுக்கு அடியில் புகுந்து கோழிகளை மிரட்டினால் மறுநாள் முட்டை குறைந்துவிடும். டீக்கடையில் ஒருநாள் அவர், "இந்த நாய்களுக்கு மருந்து வெச்சாத்தான் சரிப்படும்" என்று சொல்லியிருந்தார். பத்துப்பேர் கேட்டிருந்தார்கள். நான் அதைத் தண்ணீர்க் குழாயடிக்குக் கொண்டுபோனேன். "மருந்து வெச்சது அவருதான், வேற யாரு" என்றேன். சாயங்காலத்துக்குள் எங்கள் ஊர் ஓலப்பாறை முழுக்க அதுவே பேச்சாகிவிட்டது.

இதில் வெட்கப்பட வேண்டிய விஷயம் என் வேலை. நாமக்கல்லில் ஒரு தீவனப் பரிசோதனைக் கூடத்தில் பதினோரு வருஷமாக இருக்கிறேன். மக்காச்சோளத்தில் பூஞ்சை நஞ்சு ஏறியிருக்கிறதா, கருவாட்டுத் தூளில் மணலைக் கலந்திருக்கிறார்களா என்று மைக்ராஸ்கோப்பில் பார்த்துச் சொல்ல வேண்டும். சந்தேகம் இருந்தால் ரிப்போர்ட்டில் ஒரு வார்த்தை எழுதமாட்டேன். பண்ணைக்காரர்கள் போனில் கத்தினாலும் எழுதமாட்டேன். அப்படிப்பட்டவள்தான் குழாயடியில் தீர்ப்பு எழுதிவிட்டு வந்தேன்.

கிளீனர் கக்கியதை ஊறுகாய் பாட்டிலில் எடுத்து வைத்திருந்தேன். கருப்பண்ணன் மாமாவை ஆதாரத்தோடு பிடிக்க வேண்டும் என்ற வெறி. திங்கட்கிழமை அதை லேபில் கொடுத்துப் பூச்சிமருந்து இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இல்லை என்று வந்தது. எலி மருந்தும் இல்லை. ஒரு சொட்டு எடுத்து மைக்ராஸ்கோப் கண்ணாடியில் வைத்துப் பார்த்தேன். நீலம் கலந்த பச்சையில் நூல் நூலாக ஓடியது. ஒவ்வொரு நூலும் சின்னச் சின்னக் காசுகளை நெருக்கி அடுக்கியது போல இருந்தது. ஏரித்தண்ணி குடித்த நாய் பாசியைக் கக்காமல் வேறு என்னத்தைக் கக்கும் என்று கண்ணாடியைக் கழுவிவிட்டேன். மருந்து இல்லை என்று வந்ததை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. என் வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை.

ஏரியைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். இரண்டு வருஷத்துக்கு முன்பு வரை எங்கள் ஏரியில் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. கரைக்குக் கரை ஆகாயத்தாமரை. நந்தகுமாரும் இருபது பேரும் ஞாயிற்றுக்கிழமை விடாமல் இறங்கி அதை அள்ளினார்கள். கடைசியில் பொக்லைன் கொண்டுவந்து கரையோரச் சேற்றையும் வழித்து எடுத்தார்கள். போன ஐப்பசி மழையில் ஏரி நிரம்பியது. தண்ணீர் தெளிந்தபோது இடுப்பளவு ஆழத்தில் நின்றால் கால்விரல் தெரிந்தது. என் வீட்டுக்காரர் சொந்தக்காரர் யார் வந்தாலும் முதலில் ஏரிக்குத்தான் கூட்டிக்கொண்டு போவார். கல்யாணமான புதுசில் என்னைக்கூட அவர் அப்படிப் பார்த்ததில்லை.

தை பிறந்து வெயில் ஏறியபோது அந்தத் தெளிந்த தண்ணீரின் அடியில் கரும்பச்சையாக ஒரு விரிப்பு படர்ந்தது. உச்சிவெயில் நேரத்தில் அதிலிருந்து தோசையளவுக்குத் துண்டு துண்டாகப் பிய்ந்து, உள்ளே காற்றுக்குமிழோடு மேலே மிதந்து வரும். காற்று அதைக் கரையில் தள்ளும். அங்கே காய்ந்து தோல் போல மடங்கிக் கிடக்கும். கிட்டே போனால் புழுங்கிய சேறும் கருவாடும் கலந்த மாதிரி ஒரு வாடை. "பாசிதானே, ஏரின்னா பாசி இருக்காதா" என்றார் இவர். ஏரியை யாராவது குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

பங்குனியில் மாரியம்மன் நோன்பு. காப்புக் கட்டுவதற்கு முன்னால் கோயிலில் ஊர் கூடியது. தர்மகர்த்தா பெரியசாமி மாமா கருப்பண்ணன் மாமாவை நேராகவே கேட்டார். "ஏப்பா, நாய்க்கு மருந்து வெச்சது நீதானா?"

"இல்லீங்க. வாயில சொன்னனுங்க. கையில செய்யலீங்க."

யாரும் நம்பவில்லை. நானும் பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்து நம்பாத முகத்தோடுதான் இருந்தேன். செஞ்சவன் ஒத்துக்கொள்ளாமல் கோயிலுக்குள் வரக்கூடாது, அவன் வீட்டு நல்லது கெட்டதுக்கு ஊர் போகாது என்று பேச்சு வளர்ந்தது. அவர் மகள் மோனிஷாவுக்கு வைகாசியில் கல்யாணம். பத்திரிகை அடித்தாகிவிட்டது. அத்தாயி அத்தை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றதை இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன்.

அப்போது கருப்பண்ணன் மாமாவே ஒரு வழி சொன்னார்.

"ஆத்தாகிட்டயே கேட்டுக்கலாமுங்க. நா வளத்துன கெடாயைக் கொண்டாறேன். துலுக்குச்சுன்னா நா செய்யலீன்னு ஒத்துக்கோங்க. துலுக்கலீன்னா எம்புள்ள கண்ணாலத்துக்கு ஒருத்தரும் வரவேண்டாம்."

எங்கள் பக்கம் சாமிக்கு வெட்டும் கிடாய் மேல் மஞ்சள் தண்ணீரைத் தெளித்துவிட்டு, அது தலை முதல் வால் வரை உடம்பை உதறுகிறதா என்று காத்திருப்பார்கள். அதைத்தான் துலுக்குவது என்பது. உதறினால் ஆத்தா உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். உதறாவிட்டால் கூட்டமே தவித்துப் போகும். குறை எங்கே இருக்கிறது என்று வேண்டுதல்காரரை எல்லாரும் பார்ப்பார்கள். ஆக, மோனிஷா கல்யாணத்துக்கு ஊர் போவதும் போகாததும் ஒரு கிடாயின் முதுகுத்தோலில் வந்து நின்றது.

அந்தக் கிடாயை எனக்குத் தெரியும். கறுப்பில் வெள்ளைக் காது. பிறந்த மூன்றாம் நாளே தாயாடு செத்துப் போனதால் அத்தாயி அத்தை பாட்டிலில் பால் கொடுத்து வளர்த்தது. முட்டை வண்டி வந்தால் அத்தை பின்னாலேயே வந்து நிற்கும். ஊருக்குக் கொடுத்த வாக்கு என்பதால் அத்தை தடுக்கவில்லையாம்.

நோன்பன்று காலை பத்து மணி. கோயில் ஏரிக்கரை மேலேயே இருக்கிறது. வரிசையாகப் பொங்கல் பானைகள், புகை, பம்பைச் சத்தம். கருப்பண்ணன் மாமா ஈர வேட்டியோடு கிடாயைப் பிடித்துக்கொண்டு வந்தார். கழுத்தில் வேப்பிலையும் செவ்வரளியும். வரும்போதே எல்லாருக்கும் கேட்கும்படி, "நேத்துக் காலையில இருந்து இதுக்கு ஒரு தழை குடுக்கலீங்க. எதையோ தின்னக் குடுத்துத் துலுக்க வெச்சான்னு ஒரு சொல்லு வரக்கூடாது பாருங்க" என்றார். ஏரிப்படியில் கிடாயைக் குளிப்பாட்டி, அங்கே ஒரு கல்லில் கட்டிவிட்டு, அவரும் அத்தையும் தலை முழுகிவிட்டு வந்திருக்கிறார்கள்.

பூசாரி மஞ்சள் தண்ணீர்ச் சொம்பைக் கையில் எடுத்தார். தெளிக்கவே இல்லை. அதற்குள் கிடாயின் உடம்பு உதறியது.

"ஆத்தா தண்ணி தெளிக்கறதுக்கு முன்னாலயே சொல்லீட்டா" என்று பெரியசாமி மாமா எழுந்துவிட்டார். பம்பைக்காரர்கள் விளாசினார்கள். கருப்பண்ணன் மாமா இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பிக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதார். என் நெஞ்சிலிருந்தும் ஒரு பாரம் இறங்கியது. பாவம், இவர் செய்யவில்லை, ஆத்தாவே சொல்லிவிட்டாள், நான் வாயைத் திறக்க வேண்டிய வேலை மிச்சம் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததைச் சொல்லாமல் விட்டால் இந்தக் கதையைச் சொல்வதில் நியாயமில்லை.

துலுக்கும் கிடாய் ஒருமுறை உதறிவிட்டு நிற்கும். இது நிற்கவில்லை. தோள்பட்டைத் தோல் தனியாகத் துடித்துக்கொண்டே இருந்தது. பின்னங்கால்கள் ஒன்றோடு ஒன்று பின்னின. வாயிலிருந்து எச்சில் நூலாக வடிந்தது. உதட்டோரத்தில் கரும்பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. எனக்கு எங்கள் வாசல் கண்முன் வந்தது.

அரிவாள்காரர் முன்னால் வந்துவிட்டார். பேசாமல் இருந்தால் கருப்பண்ணன் மாமா நல்லவர் என்று முடிந்துவிடும், கல்யாணம் நடக்கும். ஆனால் கறி வீட்டுக்கு வீடு போகும். பேசினால், கிடாய்க்கும் இவரே மருந்து வைத்துத் துலுக்க வைத்தார் என்பார்கள். அது முன்னதைவிடப் பெரிய பழி. ஆத்தாவையே ஏமாற்றியவன் என்று ஆகிவிடும். சத்தியமாகச் சொல்கிறேன், கொஞ்ச நேரம் வாயைத் திறக்காமல்தான் நின்றேன். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்க் கிடாயின் கழுத்துக்கயிற்றைப் பிடித்தேன்.

"வெட்டாதீங்க. இதுக்கு ஒடம்புக்கு முடியல."

"அம்மிணி, உத்தரவு ஆயிருச்சு. நவுரு" என்றார் பெரியசாமி மாமா.

"இது உத்தரவு இல்லீங்க மாமா. எங்க கிளீனரு சாகறப்ப இப்பிடித்தான் நடுங்குச்சு. வாயைப் பாருங்க. இதத் தின்னா மனுசருக்கும் ஆவாது."

பம்பை நின்றது. நான் பயந்தது அப்படியே நடந்தது. பின்னாலிருந்து ஒரு குரல், "அப்ப இதுக்கும் மருந்து வெச்சுத்தான் கொண்டாந்திருக்கறான்" என்றது. கருப்பண்ணன் மாமா தலைக்கு மேல் கூப்பியிருந்த கையை இறக்கினார். அந்த முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

"மருந்து இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே கிறீச்சென்று கேட்டது. "எங்க நாய் கக்குனத நா அப்பவே லேப்ல பாத்துட்டனுங்க. பூச்சிமருந்தும் இல்ல, எலிமருந்தும் இல்ல. ஏரிப்பாசிதான் இருந்துச்சு. மாமா மேல இருந்த கோவத்துல நாந்தான் ஊர்ல சொல்லாம உட்டுட்டேன். மொதல்ல பழி போட்டதும் நாந்தான்."

அத்தனை கூட்டத்தில் என் வீட்டுக்காரர் மட்டும் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்தார். அதுதான் அதிகமாக வலித்தது. திட்டுவார்கள் என்று நின்றேன். அத்தாயி அத்தை என்னைத் தள்ளிக்கொண்டு வந்து கிடாயின் தலையை மடியில் வாங்கி உட்கார்ந்தார்.

"அதெல்லாம் அப்பறம் பேசிக்கலாம். எங்கெடாயைப் பாரு கண்ணு மொதல்ல."

நந்தகுமார் கால்நடை மருந்தகத்துக்குப் போன் போட்டார். டாக்டர் வெண்ணிலா இருபது நிமிஷத்தில் ஸ்கூட்டியில் வந்துவிட்டார். ஆத்தூர்க்காரர். பேச்சில் எங்களைப் போல வரிக்கு வரி 'ங்க' வராது, ஆனால் அவர் சொன்னால் மாடுகூடக் கேட்கும் என்பார்கள். கிடாயின் கண்ணையும் வாயையும் பார்த்தார்.

"என்ன தின்னுச்சு?"

"ஒண்ணுமே குடுக்கலீங்க டாக்டரம்மா. நேத்திருந்து பட்டினி" என்றார் கருப்பண்ணன் மாமா.

"பட்டினியா இருந்ததை எங்க கட்டி வச்சிருந்தீங்க?"

நான் ஏரிப்படிக்கு ஓடினேன். நந்தகுமாரும் பாதிக்கூட்டமும் பின்னால் வந்தார்கள். கட்டியிருந்த கல்லைச் சுற்றிக் குளம்படித் தடம். சேற்றை வழித்தெடுத்த கரையில் ஒரு புல் கிடையாது. கயிறு எட்டும் தூரம் வரை காய்ந்த பாசித்தோல் கடித்துக் குதறிக் கிடந்தது. மருந்து வைத்தான் என்ற பேச்சு வரக்கூடாது என்று ஒரு நாள் முழுக்கப் பட்டினி போட்டதுதான் அந்தக் கிடாயை அதைத் தின்ன வைத்திருக்கிறது. ஓரமாகக் கிடந்த ஈரத்துண்டை நந்தகுமார் கையால் எடுக்கப் போனார். அதற்குள் மேலிருந்து டாக்டர் சத்தம் போட்டார்.

"கையால தொடாதீங்க. கவர் மாட்டிக்கிட்டு எடுங்க."

டாக்டர் கரித்தூளைக் குழம்பாகக் கரைத்து, விழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து, கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இறக்கினார். இதற்கு மாற்று மருந்து எதுவும் கிடையாது, மூச்சு மட்டும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் உடம்பு தானே மீளலாம், மீளாமலும் போகலாம் என்றார். கிடாயை நெஞ்சு தரையில் படும்படி உட்கார வைத்து, மூச்சு தளரும்போதெல்லாம் விலாவை எப்படி அமுக்கிவிட வேண்டும் என்று காட்டினார். கருப்பண்ணன் மாமா முட்டி போட்டு உட்கார்ந்து அமுக்க ஆரம்பித்தார்.

"இது என்னதுங்க டாக்டரம்மா?" என்று நந்தகுமார் கேட்டார். அவர் கையில் பிளாஸ்டிக் கவருக்குள் அந்தப் பாசி.

"நீலப்பச்சைப் பாசின்னு சொல்றது. பேருதான் பாசி, ஒருவகை பாக்டீரியா. அடித்தரையில ஒட்டி வளரும். எல்லாம் விஷமில்ல, சிலது நரம்பைப் பிடிக்கற விஷம் சுரக்கும். வெளிநாட்டுல நாய்ங்க சாகுதுன்னு படிச்சிருக்கேன். நம்ம ஊர்ல பாக்கறது இதான் முதல் தடவை. லேப்ல பாக்காம உறுதியா சொல்ல மாட்டேன்."

"நாங்க ஏரியைச் சுத்தம் பண்ணுனதாலதான் வந்துதுங்களா?"

இரண்டு வருஷ ஞாயிற்றுக்கிழமைகள் அந்தக் கேள்வியில் இருந்தன.

டாக்டர் கிடாயிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "சுத்தம் பண்ணது தப்பில்ல. பாதியில நிறுத்திட்டீங்க. வயல்ல போட்ட உரம், கோழி எரு, சாக்கடை எல்லாம் வருஷக்கணக்கா ஏரிக்குள்ள வந்து தங்கியிருக்கு. ஆகாயத்தாமரை அதைக் குடிச்சுக்கிட்டு வெயிலையும் மறைச்சுக்கிட்டு கெடந்துச்சு. இப்ப அது இல்ல. வெயில் அடி வரைக்கும் போகுது. இது வளருது. வர்ற அழுக்கைத் தடுங்க, கரையோரம் கோரையும் அல்லியும் வளர விடுங்க. கரை ஒதுங்கறதை அன்னன்னைக்கே வாரிப் புதைச்சிடுங்க. ஒரே மாசத்துல போகாது."

கருப்பண்ணன் மாமா விலாவை அமுக்கிக்கொண்டே, "எங்க கோழி எருக்குமி ஏரிச் சரிவுலதானுங்க கெடக்குது" என்றார். யாரும் கேட்காமலே சொன்னார். அதைக் கேட்ட பிறகு, தன் வயலுக்குப் போட்ட யூரியாவைப் பற்றி ஒருவரும், சாக்கடைக் குழாயை ஏரிப்பக்கம் திருப்பியதைப் பற்றி இன்னொருவரும் முணுமுணுத்தார்கள். எங்கள் ஊரில் ஒருவர் தன் குற்றத்தைச் சொல்லிவிட்டால் மற்றவர்களுக்குச் சும்மா நிற்கக் கூச்சமாக இருக்கும்.

பன்னிரண்டானது. ஒன்றானது. பொங்கல் ஆறிப்போனது. ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. கிடாய்க்கு என்ன ஆகிறது என்று தெரியாமல் நோன்பை முடிக்கவும் முடியாது, விடவும் முடியாது. பெரியசாமி மாமா வேப்பமரத்தடியில் உட்கார்ந்து, "அப்ப ஆத்தா என்ன சொன்னான்னு எடுத்துக்கறது" என்று பூசாரியைக் கேட்டபடி இருந்தார். மருந்து இல்லை என்று நான் சொன்னதைப் பலர் நம்பினார்கள். ஆனாலும் கேட்ட கேள்விக்குக் கோயிலில் பதில் வரவில்லை. அது வராமல் எங்கள் ஊர் கல்யாணத்துக்குக் கிளம்பாது.

கருப்பண்ணன் மாமாவுக்குக் கை ஓய்ந்தபோது நான் உட்கார்ந்து அமுக்கினேன். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. எனக்கு அடுத்து என் வீட்டுக்காரர் அமுக்கினார். அப்போதுதான் முதல்தடவையாக என்னைப் பார்த்து, "தண்ணி குடிச்சியா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மூன்று மணிக்கு நடுக்கம் குறைந்தது. மூச்சு தானாக, சீராக வந்தது. மூன்றரைக்குக் கிடாய் தலையைத் தூக்கி அத்தையின் சேலைத் தலைப்பைக் கடித்தது. டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். கொஞ்ச நேரம் கழித்து முன்னங்காலை ஊன்றியது, சரிந்தது, மறுபடி ஊன்றி எழுந்து நின்றது. கரித்தூளும் எச்சிலும் சேறுமாக அது நின்ற கோலத்தைப் பார்க்கச் சகிக்காமல் அத்தாயி அத்தை பக்கத்தில் இருந்த சொம்பை எடுத்து அதன் முதுகில் ஊற்றித் துடைக்கப் போனார். காலையில் பூசாரி வைத்த மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு அது. அத்தைக்கு அது தெரியாது.

கிடாய் காதைப் பின்னுக்குச் சாய்த்தது. தலையிலிருந்து தொடங்கி வால் நுனி வரைக்கும் உடம்பை ஒரே ஒருமுறை உதறியது. மஞ்சள் தண்ணீர் எங்கள் எல்லார் மேலும் தெறித்தது. பிறகு ஒன்றும் நடக்காதது போலச் சும்மா நின்றது.

அத்தை கையில் சொம்போடு திகைத்து நின்றார். பம்பைக்காரர்கள்கூட அடிக்க மறந்துவிட்டார்கள். பெரியசாமி மாமாதான் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு எழுந்து வந்தார்.

"துலுக்கிருச்சப்பா" என்றார் மெதுவாக.

அரிவாள்காரர் கோயில் பக்கம் பார்த்தார். பெரியசாமி மாமா கையைக் காட்டி நிறுத்தினார். "அத எடுத்து வெய்யி. நாம உத்தரவு கேட்டது கெடாய்க்கு இல்ல, கருப்பண்ணனுக்கு. அவனுக்குக் குடுத்துட்டா. கெடாயை ஊட்டுக்கு ஓட்டிட்டுப் போச்சொல்லு. கண்ணாலத்துக்கு ஊரு வரும்."

நான் கருப்பண்ணன் மாமா முன்னால் போய் நின்றேன். மன்னிப்பு கேட்பதற்கு எங்கள் பேச்சில் சட்டென்று ஒரு வார்த்தை கிடைக்காது. "நா பேசுனது தப்புங்க மாமா" என்றேன்.

அவர் கையிலிருந்த கரியை வேட்டியில் துடைத்துக்கொண்டார். "மருந்து வெப்பேன்னு நானும் சொன்னவந்தானே கண்ணு. எனக்கும் வாயி சும்மா இருக்கல" என்றார். அவ்வளவுதான் பேசினோம். பொங்கலைச் சுடவைத்து எல்லாரும் சாப்பிட்டோம்.

பாசித்துண்டைப் பெரிய லேபுக்கு அனுப்பினார் டாக்டர். மூன்று வாரம் கழித்து, அவர் நினைத்தபடியே நரம்பைப் பிடிக்கும் விஷம் இருக்கிறது என்று பதில் வந்தது. அதற்காக யாரும் காத்திருக்கவில்லை. இப்போது நந்தகுமாரின் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் இருபத்தேழு பேர். முழங்கால் வரை பூட்ஸ், கையுறை, நீளக் கைப்பிடி போட்ட வாரி. கரை ஒதுங்கும் பாசியை வாரிக் குழியில் மூடுகிறார்கள். பிள்ளைகள் குளிக்கக்கூடாது என்று போர்டு வைத்தாகிவிட்டது. எருக்குவியல் சரிவிலிருந்து மேட்டுக்கு மாறி, தலைக்கு மேல் தகரமும் போட்டாகிவிட்டது. கரையோரம் கோரை ஒரு முழம் வளர்ந்திருக்கிறது. மோனிஷா கல்யாணத்தில் பந்தி நாலு முறை நடந்தது. அத்தாயி அத்தை ஏரிப்பக்கம் போகும்போது கிடாய்க்கு வாயில் வலைக்கூடு கட்டித்தான் ஓட்டிப்போகிறார். அதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் ஊரில் இல்லை.

ஒவ்வொரு திங்கட்கிழமையும் கருப்பண்ணன் மாமா முட்டை வண்டியில் நாமக்கல் வரும்போது எங்கள் லேபில் இறங்கி நாலு பாட்டில்களைக் கொடுப்பார். ஏரியில் நாலு இடத்தில் அடியிலிருந்து சுரண்டி எடுத்தது. எந்த இடம், எத்தனை மணி என்று பாட்டில் மேல் எழுதியிருப்பார். கொண்டுவந்தவர் என்ற இடத்தில் அவர் பெயரை நான் எழுதுவேன். நான் எழுதும் ரிப்போர்ட் சாயங்காலம் கோயில் சுவரில் ஒட்டப்படும். ஆடு மாடு ஓட்டுகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுத்தான் ஏரிக்கு வருகிறார்கள்.

போன திங்கட்கிழமை மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோது அந்தக் காசு அடுக்கிய நூல்கள் கண்ணில் படவே நேரமானது. சாதாரணப் பச்சைப்பாசிதான் நிறைய இருந்தது. நான் நிமிர்ந்ததும் அவர் ஸ்டூலிலிருந்து எழுந்தார்.

"இருக்குதா கண்ணு?"

"இருக்குதுங்க மாமா. ஆனா நல்லாக் கொறஞ்சிருக்குது."

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ரிப்போர்ட்டை எடுத்துப் பேனாவையும் திறந்துவிட்டேன். அவர் மேசைக்கு அந்தப் பக்கமிருந்து தாளின் மேல் கையை வைத்தார்.

"கொறஞ்சிருச்சுன்னு அவசரப்பட்டு எழுதீராத சாமி" என்றார். "இன்னம் ரெண்டு வாரம் பாத்துக்கலாம்."

அவர் முகத்தில் குத்தல் எதுவும் இல்லை. நான் பேனாவை மூடி வைத்துவிட்டு அடுத்த திங்கட்கிழமைக்கு நாலு காலி பாட்டில்களைக் கழுவி அவர் கையில் கொடுத்தேன்.